போன் எழுதட்டும், நாம போய்ப் பார்ப்போம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'செயற்கை நுண்ணறிவும் நம் நலமும்'. நம்ம பிள்ளைகள் ஏஐ, ஏஐ என்கிறார்களே, அதுதான். தலைப்பைக் கேட்டதுமே முன்வரிசையில் ஒரு அக்கா, "இது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்றார். அக்கா, அது ஏற்கெனவே உங்க கையிலதான் இருக்கு. சாட்ஜிபிடி என்று ஒன்று 2022 நவம்பரில் வந்தது. 2024-ல் நாம் தினமும் திறக்கிற வாட்ஸ்அப்பிலேயே ஒரு சின்ன வளையமாக ஏஐ வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் எழுதிக் கேட்டால் தமிழில் பதில் சொல்கிற செயலிகள் இருக்கின்றன. எழுதத் தெரியாவிட்டால் மைக்கை அமுக்கிப் பேசினாலும் போதும்.

பயிற்சிக்குப் போகிற ஊரில் எல்லாம் "யார் யார் இதைப் பயன்படுத்துறீங்க?" என்று கேட்பேன். முதலில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருவர் ஊறுகாய் பாட்டிலுக்குப் பெயர் கேட்டிருப்பார். ஒருவர் மகளின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதியிருப்பார். ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டு "இது அதிகமா?" என்று கேட்டிருப்பார். ஆகவே வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. எதற்கு வைத்துக்கொள்வது, எதற்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். நான் "அடி மேல் அடி வைத்தால்" என்று சொன்னால், உங்க வாய் தானாக "அம்மியும் நகரும்" என்கிறது. யோசித்தா சொன்னீர்கள்? கேட்டுக் கேட்டுப் பழகியதால் அடுத்த சொல் வந்துவிட்டது. ஏஐயும் ஏறக்குறைய அப்படித்தான். மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து அது பேசுகிறது. அதனால் அழகாகப் பேசும், பணிவாகப் பேசும். ஆனால் அழகாகப் பேசுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று இல்லை. தப்பான பதிலையும் அதே அழகோடு, கொஞ்சமும் தயங்காமல் சொல்லும்.

நம் கணக்கிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். உள்கடன் 10,000 ரூபாய், 10 மாதத் தவணை, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. "மொத்த வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால், அது 1,000 ரூபாய் என்று சொல்லிவிடலாம். முழு அசலுக்கும் பத்து மாதமும் வட்டி போட்ட கணக்கு அது. மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டி, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடுகிற குழுவில் முதல் மாதம் 100, அடுத்து 90, பிறகு 80 என்று இறங்கி, கடைசி மாதம் 10 ரூபாய் வரும். கூட்டிப் பாருங்கள், 550 ரூபாய்தான். இரண்டுக்கும் 450 ரூபாய் வித்தியாசம். போனுக்கு நம் குழுவின் வழக்கம் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் பேரேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். கணக்கில் கையெழுத்துப் போடுவது நாம், போன் கிடையாது.

இதைச் சொல்வதால் நான் ஏஐக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே இருக்கிற தடையை அது எடுத்துப் போடுகிற இடங்கள் இருக்கின்றன. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்துத் தையல் மிஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தும் பேச மொழி கிடையாது. இன்று போனில் தமிழில் பேசினால், அது ஒடியாவில், இந்தியில் சொல்கிறது. "உன் பிள்ளை யார்கிட்ட வளருது?" என்று ஒருத்தி கேட்டு, இன்னொருத்தி பதில் சொல்ல முடிகிறது. காது மங்கிப்போன மாமியாருக்கு, நாம் பேசுவதைப் பெரிய எழுத்தாகக் காட்டுகிற வசதி இருக்கிறது. வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போன ஒரு வயசான அம்மா மறுபடியும் பேச்சில் சேர்ந்துகொள்ளலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு வேண்டும் என்றால், வாசலில் எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுத்து நிற்காமல், நம் வாயால் சொன்னதையே மனுவாக எழுதி வாங்கலாம். டாக்டரிடம் போகும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம். மருந்தை மட்டும் அதைக் கேட்டு மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது.

இந்த எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. போனைப் பார்த்து முடித்த பிறகு நீங்கள் ஒரு மனிதரிடம் போகிறீர்கள். பக்கத்து மிஷின்காரியிடம், மாமியாரிடம், கலெக்டரிடம், டாக்டரிடம். அப்படி இருக்கிற வரைக்கும் பயமில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு ஒரு தங்கை என்னிடம் தனியாகச் சொன்னாள். "அக்கா, வீட்ல எனக்கு என்ன ஆனாலும் யார்கிட்டயும் சொல்றதில்ல. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போன்ல சொல்றேன். அது திட்டாது. நீதான் அனுசரிச்சுப் போகணும்னு சொல்லாது. பொறுமையா கேட்குது."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எத்தனை பேர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் போனிடம் வந்திருப்பாள் என்றுதான் தோன்றியது. இது அவள் ஒருத்திக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்று ஒரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பி நம்மிடம் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்கியதைக் கூட இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர் அம்மா. அந்த அம்மாவே கொஞ்ச நேரம் அதோடு பேசிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியே போங்க" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். தனியாகப் பேச வேண்டுமாம். மனிதர்களுக்குக் கேட்க ஒரு காது வேண்டும். அது கிடைக்காதபோது இயந்திரத்துக்கே காது இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

இன்றைய ஏஐ அந்த எலைசாவை விடப் பல மடங்கு நன்றாகப் பேசும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து அதைப் பழக்குகிறார்கள். அதனால் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற குணம் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அது எல்லோரையும் அளவுக்கு மீறிப் புகழ்ந்து, சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட ஆரம்பித்தது. சில நாளில் அந்த நிறுவனமே அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. உங்க குழுவில் இருக்கிற அக்கா அப்படித் தலையாட்ட மாட்டார். "நீ பண்ணினது தப்புடி" என்பார். அதே வாயால் "வா, நானும் கூட வர்றேன்" என்று ஆஸ்பத்திரிக்கும், ஸ்டேஷனுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் வருவார். போன் கூட வராது.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தனிமைக்கு மருந்து என்ன? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு அதற்கு ஒரு வழி கண்டது. நமக்கு மிகவும் பக்கத்தில் வருகிற வழி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல், தலைநகர் ஹராரேயில் உள்ள ம்பாரே என்ற பகுதியில் 14 பாட்டிமார்களைச் சேர்த்தார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஊர் நம்புகிற பாட்டிகள், அவ்வளவுதான். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டார். மனசு சரியில்லாமல் வருகிறவர் பெஞ்சில் பாட்டி பக்கத்தில் உட்கார வேண்டும், பேச வேண்டும். அந்த ஊர்ப் பாட்டிகள் 'மனச்சோர்வு' போன்ற டாக்டர் வார்த்தை சொல்வதில்லை. 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி நினைத்து நினைத்து மருகுவது என்று பொருள். நாமும் "நெனச்சு நெனச்சு உருகிப்போறா" என்று சொல்வோம் இல்லையா, அதேதான். இந்த 'நட்புப் பெஞ்சு' வேலை செய்கிறதா என்று 573 பேரை வைத்து ஆராய்ந்து, முடிவை 2016-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

இதோடு முடியவில்லை. பெஞ்சில் பேசி முடித்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து, பழைய பிளாஸ்டிக்கை வைத்துப் பைகள் பின்னிக்கொண்டே தங்கள் பாட்டைப் பேசிக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்க நம் குழு மாதிரி இல்லை? 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் குழு இயக்கம் தொடங்கியபோது, சேமிப்புக்காகத்தான் நம் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் வாரம் ஒருமுறை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்கள் சேர்த்தது காசு மட்டும் இல்லை. நம்மிடம் அந்தப் பெஞ்சு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதை இன்று நாமே மடித்து வைத்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு குழுவில் நடந்தது. ஊர் பேர் வேண்டாம். ஒரு உறுப்பினர் மூன்று வாரமாகக் கூட்டத்துக்கு வரவில்லை, தவணையும் கட்டவில்லை. கணக்கு எழுதுகிற தங்கை நல்ல சுறுசுறுப்பு. ஏஐயிடம் சொல்லி ஒரு நினைவூட்டல் எழுதி வாங்கி, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். "தங்களது தவணை மூன்று வாரமாக நிலுவையில் உள்ளது. உடனே செலுத்திக் குழுவின் நற்பெயரைக் காக்க அன்புடன் வேண்டுகிறோம்." ஒரு சொல் தப்பில்லை. மரியாதை குறையவில்லை. நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

நாலாவது வாரம் அந்தக் குழு ஊக்குநர் அக்கா இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கே போனார். வாசலில் விளக்குப் போடவில்லை. உள்ளே கணவர் காலில் கட்டோடு படுத்திருக்கிறார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்வதால் இவளும் வேலைக்குப் போகவில்லை. கடன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இருந்தது. ஆனால் அவளை அடித்துப் போட்டது வேறு. "குரூப்ல எல்லாரும் பார்த்தாங்க அக்கா. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? ரெண்டு தடவை கெணத்துப் பக்கம் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன்" என்று சொல்லி அழுதிருக்கிறாள்.

இரண்டு பேரும் அன்று கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி எட்டரை மணி வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். ஒருத்தர் அடுப்பு மூட்டி சமைத்தார். அன்று இரவு ஒருத்தர் அங்கேயே படுத்துக்கொண்டார். மறுநாள் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அவளையே பேச வைத்து, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார்கள். அடுத்த கூட்டத்தில் தவணையைத் தள்ளிவைத்துத் தீர்மானம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு போன் என்ன செய்தது தெரியுமா? கணவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது. விபத்துக்கு உதவி கேட்டு மனு எழுத வேண்டும். அதே தங்கை, அதே ஏஐயிடம் விவரத்தைச் சொல்லி மனுவை எழுதினாள். அவளிடமும் கணவரிடமும் படித்துக் காட்டி, தேதியையும் இடத்தையும் திருத்தி, ஆபீசுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாள்.

ஒரே தங்கை, ஒரே போன். முதல் தடவை, நேரில் போவதற்குப் பதிலாகப் போனை அனுப்பினார்கள். இரண்டாவது தடவை, நேரில் போய் வந்த பிறகு போனை எடுத்தார்கள். இவ்வளவுதான் வித்தியாசம். பாக்கிப் பட்டியலை ஏஐ ஒரு நொடியில் போட்டுக் கொடுக்கும். ஏன் பாக்கி என்பது வாசலில் போய் நின்றால்தான் தெரியும்.

இப்போது பல குழுக்களில் "ஜிபேயில பணம் போட்டுட்டேன், கூட்டத்துக்கு எதுக்கு வரணும்?" என்ற பேச்சு வந்துவிட்டது. நாளைக்குத் தீர்மானத்தையும் ஏஐ எழுதிவிடும், கையெழுத்துக்குப் புத்தகத்தை வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினால் முடிந்தது என்பார்கள். கணக்கு ஓடும், ஆனால் குழு இருக்காது. யார் முகம் வீங்கியிருக்கு, யார் ரெண்டு வாரமா பேசாம உட்கார்ந்திருக்கா, யாரோட தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கு என்று யார் பார்ப்பது? தீர்மானம் எழுதுகிற நேரம் குறைந்தால் அது நல்லதுதான். அந்த மிச்ச நேரத்தை வீட்டுக்குச் சீக்கிரம் ஓடுவதற்குச் செலவழிக்காமல், ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கச் செலவழிப்போம்.

துக்க வீடும் அப்படித்தான். ஏஐ எழுதிக் கொடுத்த இரங்கல் செய்தி கண்ணீர் வருகிற மாதிரி இருக்கும். வெளியூரில் இருப்பவர் அனுப்பட்டும். உள்ளூரில் இருக்கிற நாம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். பேச வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை.

எச்சரிக்கையாகச் சில விஷயங்கள். ஆதார் எண், வங்கிப் புத்தகம், ஓடிபி எதையும் ஏஐயில் போடாதீர்கள். குழுவில் ஒருத்தர் அழுதுகொண்டே சொன்ன வீட்டு விஷயத்தை, பேரோடு அதில் எழுதி யோசனை கேட்காதீர்கள். அது அவர் சொத்து. நாம் போனில் எழுதியது போனிலேயே இருக்கும், கணவரோ பிள்ளையோ எடுத்துப் படிக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். வீட்டில் அடி உதை என்றால் 181-க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். மகன் குரலிலேயே "அம்மா, விபத்து ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு" என்று அழைப்பு வந்தால் பதறாதீர்கள். குரலையும் ஏஐயில் போலியாகச் செய்கிறார்கள். வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கிற மகனுடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது ஐந்து.

ஒன்று, கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிஷம் எல்லோருடைய போனும் ஒரு முறத்தில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லட்டும். அதன் பிறகு கணக்கு.

இரண்டு, தவணை தவறினால் முதலில் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். யாருடைய பாக்கியையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

மூன்று, ஏஐ எழுதிய தீர்மானமோ மனுவோ, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டின பிறகுதான் கையெழுத்து.

நான்கு, போன் இல்லாதவர், படிக்கத் தெரியாதவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் துணை. போன் இல்லாததால் ஒருத்தருக்கும் ஒரு செய்தி தவறக் கூடாது.

ஐந்து, ராத்திரி போனிடம் மட்டும் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிக்காமல், புத்தி சொல்லாமல் கேட்பது. "அதுகிட்ட சொன்னதை எங்கிட்டயும் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருவது.

என்னிடம் பேசிய அந்தத் தங்கையிடம் போனைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. "ராத்திரி அதுகிட்ட என்ன வேணாலும் பேசு. ஆனா விடிஞ்சதும் அதுல ஒரே ஒரு விஷயத்தையாவது ஒரு மனுஷிகிட்ட சொல்லு" என்றுதான் சொன்னேன். இந்த மண்டபத்தில் இருக்கிற யாரிடம் அவள் வந்தாலும், கேட்க ஒரு காது இருக்க வேண்டும். அதை மட்டும் நாம் உறுதி செய்துகொண்டால், ஏஐ எத்தனை வந்தாலும் நமக்குப் பயமில்லை.